ஆமைக்கு ஒரே ஒரு டெம்பரேச்சர் போதாது மக்களே!

"சார், ஆமை நாலு நாளா சாப்பிட மாட்டேங்குது. தண்ணி எத்தனை டிகிரி இருக்கணும்?"

வீட்டில் தொட்டி வைத்து ஆமை வளர்ப்பவர்கள் கேட்கும் கேள்விகளில் இதுதான் முதல் இடம்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லி விடுகிறேன். நான் எம்பிபிஎஸ் படித்தவன். அரசு மருத்துவமனையில் மனிதர்களுக்கு வைத்தியம் பார்ப்பவன். ஆமைக்கு டாக்டர் என்றால் அது கால்நடை மருத்துவர்தான். அதில் எந்த மாற்றுக் கருத்தும் இல்லை.

ஆனால் உடல் வெப்பம், காய்ச்சல், வைட்டமின் டி, சால்மோனெல்லா இந்த நான்கும் எங்கள் பாடத்திலும் இருப்பவை. இந்த நான்கும் ஆமைத் தொட்டியில் ஒன்றாக வந்து சேர்கின்றன. அதனால் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

என் கருத்தை முதலிலேயே சொல்கிறேன்.

"எத்தனை டிகிரி" என்ற கேள்வியே பாதிதான் சரி. ஆமைக்குத் தேவை இரண்டு வெப்பநிலைகள். தண்ணீருக்கு ஒன்று. வெயில் காயும் இடத்துக்கு இன்னொன்று. இந்த இரண்டுக்கும் நடுவே தன் இஷ்டத்துக்கு ஏறி இறங்கும் வசதியும் வேண்டும். அது இல்லாத தொட்டி எவ்வளவு அழகாக இருந்தாலும் அது ஆமைக்கு ஒரு ஜெயில்தான்.

ஏன் இப்படிச் சொல்கிறேன்?

நம் உடலை எடுத்துக் கொள்வோம். ஊட்டி குளிரில் நின்றாலும் சரி, கத்திரி வெயிலில் நின்றாலும் சரி, உடலின் உள்ளே வெப்பம் 37 டிகிரி செல்சியஸை ஒட்டியே இருக்கும். மூளையில் ஹைப்போதலாமஸ் என்று ஒரு பகுதி இருக்கிறது. அதுதான் நம்முடைய தெர்மோஸ்டாட். குளிர்ந்தால் நடுங்க வைக்கும். சூடானால் வியர்க்க வைக்கும். இந்த வேலைக்கு எரிபொருள், நாம் சாப்பிடும் சோறு.

ஆமைக்கு இந்த வசதி கிடையாது. அதனால் நடுங்கியும் சூடேற முடியாது, வியர்த்தும் குளிர முடியாது. "குளிர் ரத்தப் பிராணி" என்று பள்ளியில் படித்திருப்போம். அதன் ரத்தம் எப்போதும் குளிர்ந்தே இருக்கும் என்று இதற்கு அர்த்தம் இல்லை. சுற்றுப்புறம் எப்படியோ உடலும் அப்படி. அவ்வளவுதான்.

அப்படியென்றால் ஆமை தன் உடல் சூட்டை எப்படிச் சரி செய்து கொள்ளும்?

நடந்துதான்.

குளிர்ந்தால் கல்லின் மேல் ஏறி வெயில் காயும். சூடு அதிகமானால் தொபுக்கென்று தண்ணீருக்குள் விழும். நமக்கு ஹைப்போதலாமஸும் வியர்வைச் சுரப்பியும் சேர்ந்து செய்யும் வேலையை ஆமை தன் நான்கு கால்களால் செய்கிறது. ஏறுவதற்கு கல்லே இல்லாத தொட்டியில் அதை விட்டால், அந்தக் கால்களைக் கட்டிப் போட்டதாகத்தான் அர்த்தம்.

ஆமையின் செரிமானம், இதயத் துடிப்பு, நோய் எதிர்ப்புச் சக்தி எல்லாமே இந்தச் சூட்டை நம்பித்தான் ஓடுகின்றன. குளிர்ந்த ஆமை சாப்பிடாது. சாப்பிட்டாலும் செரிக்காது. நாலு நாளாகச் சாப்பிடவில்லை என்றால் தீனி பிராண்டை மாற்றுவதற்கு முன் தண்ணீரின் வெப்பத்தைப் பாருங்கள்.

சரி, எவ்வளவு வைக்க வேண்டும்?

நம் ஊர் பெட் ஷாப்பில் பெரும்பாலும் கிடைப்பது ரெட் இயர்டு ஸ்லைடர். கண்ணுக்குப் பின்னால் இருபுறமும் சிவப்புக் கோடு இருக்கும். சொந்த ஊர் அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் பகுதி. நான் கீழே தரும் எண்கள் இந்த இனத்துக்கு மட்டும்.

1. வளர்ந்த ஆமைக்குத் தண்ணீர் 24 முதல் 27 டிகிரி.

2. குட்டி ஆமைக்குத் தண்ணீர் கொஞ்சம் கூடுதலாக 26 முதல் 28 டிகிரி.

3. வெயில் காயும் மேடையின் மேற்பரப்பு 32 முதல் 35 டிகிரி. மேடை முழுவதும் காய்ந்து இருக்க வேண்டும்.

4. தண்ணீருக்கும் மேடைக்கும் குறைந்தது 5 டிகிரி வித்தியாசம்.

5. மேடைக்கு மேல் உள்ள விளக்கு ஒரு நாளைக்கு 10 முதல் 12 மணி நேரம். இரவில் அணைத்து விட வேண்டும். ஆமைக்கும் ராத்திரி வேண்டும்.

இதில் நான்காவது பாயிண்டைப் பலர் கவனிப்பதில்லை. "சூடு நல்லதுதானே" என்று தண்ணீரையே 31, 32 என்று ஏற்றி வைத்தால் என்ன ஆகும்? ஆமைக்கு மேலே ஏற அவசியமே இருக்காது. தண்ணீரிலேயே கிடக்கும். ஓடு காயாது. காயாத ஓட்டிலும் தோலிலும் பூஞ்சையும் பாக்டீரியாவும் ஏறும். அக்கறையாகச் செய்தோம் என்று நினைத்து நோயை வரவழைத்து விடுவோம்.

காய்ச்சல் பற்றி ஒரு சுவாரசியமான செய்தி

காய்ச்சல் என்றாலே நமக்குப் பயம். ஆனால் காய்ச்சல் உடல் நடத்தும் ஒரு தற்காப்பு என்பதை மருத்துவ உலகத்துக்குத் தெளிவாகக் காட்டியவற்றில் ஒன்று ஒரு பல்லி இனம்.

1974இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மேத்யூ க்ளூகரும் அவருடைய குழுவும் பாலைவன இகுவானா என்ற பல்லி இனத்துக்கு பாக்டீரியாவைச் செலுத்திப் பார்த்தார்கள். அந்தப் பல்லிகள் வழக்கமாக இருக்கும் இடத்தை விட்டு இன்னும் சூடான இடத்தைத் தேடிப் போய் அமர்ந்தன. சுமார் 2 டிகிரி கூடுதல். அதாவது தானே நடந்து போய்க் காய்ச்சலை வரவழைத்துக் கொண்டன!

அடுத்த ஆண்டு நோய்த்தொற்று உள்ள பல்லிகளை வெவ்வேறு வெப்பநிலைகளில் அடைத்து வைத்துப் பார்த்தார்கள். காய்ச்சல் அளவுக்குச் சூடு கிடைத்தவற்றில் பிழைத்தவை அதிகம். குளிர்ந்த அறையில் அடைபட்டவற்றில் இறந்தவை அதிகம்.

இதில் இருந்து நாம் எடுத்துக் கொள்ள வேண்டியது ஒன்றுதான். ஊர்வன இனத்தில் ஒரு பிராணிக்கு நோய் வந்தால், சூடான இடத்துக்குப் போக முடிவதே அதன் முதல் மருந்து. உங்கள் ஆமைக்கு நாளை கிருமித் தொற்று வந்தால் ஏறிச் சூடு வாங்குவதற்கு அதற்கு ஒரு மேடை இருக்கிறதா? இதுதான் கேள்வி.

இதற்காக நீங்களே ஹீட்டரை ஏற்றி ஆமையை வேக வைத்து விடாதீர்கள். எவ்வளவு சூடு வேண்டும் என்பதை ஆமை முடிவு செய்யும். சூடான இடத்தையும் குளிர்ந்த இடத்தையும் அமைத்துக் கொடுப்பது மட்டும்தான் நம் வேலை.

கையை விட்டுப் பார்த்தால் தெரியாதா?

தெரியாது.

நம் கைத் தோலின் வெப்பமே சாதாரணமாக 32, 33 டிகிரி இருக்கும். அதனால் 26 டிகிரி தண்ணீரில் கையை விட்டால் "சில்லுன்னு இருக்கே" என்று தோன்றும். ஆமைக்கு அது அருமையான தண்ணீர். 33 டிகிரி தண்ணீரில் கையை விட்டால் "ஒண்ணும் தெரியலையே, நார்மலா இருக்கு" என்று தோன்றும். ஆமைக்கு அது ரொம்பச் சூடு. அதாவது கை இரண்டு பக்கமும் தப்பாகச் சொல்லும்.

வீட்டில் ஜுரம் பார்க்க வைத்திருக்கும் தெர்மாமீட்டரும் இதற்கு ஆகாது. அது மனித உடலுக்காகச் செய்யப்பட்டது. தொட்டித் தண்ணீரின் வெப்பத்தை அளக்க அது வந்ததே இல்லை.

மீன் தொட்டிக் கடையில் தண்ணீர் தெர்மாமீட்டர் கிடைக்கும். அதை வாங்குங்கள். மேடையின் சூட்டுக்கு, கொரோனா காலத்தில் வாங்கி அலமாரியில் போட்டு வைத்த நெற்றித் தெர்மாமீட்டர் இருந்தால் எடுங்கள். பலவற்றில் உடல், மேற்பரப்பு என்று இரண்டு மோடு இருக்கும். மேற்பரப்பு மோடில் வைத்து, ஆமை படுக்கும் இடத்தில் காட்டிப் பாருங்கள்.

ஹீட்டர், பல்பு எல்லாம் அப்புறம். முதல் செலவு தெர்மாமீட்டர்தான்.

வெளிநாட்டு வீடியோ பார்த்து ஹீட்டர் வாங்குபவர்களுக்கு

யூடியூபில் ஆமை வளர்ப்பு பற்றிப் பேசுபவர்களில் பலர் குளிர் நாட்டில் இருந்து பேசுகிறார்கள். "ஹீட்டர் கட்டாயம்" என்பார்கள். அவர்கள் ஊருக்கு அது சரி.

நம் ஊர்க் கணக்கு வேறு.

சென்னை, மதுரை, வேலூர், திருச்சி போன்ற சமவெளியில் ஆண்டின் பெரும்பகுதி வீட்டுக்குள் இருக்கும் தண்ணீர் தானாகவே 26 டிகிரிக்கு மேல்தான் இருக்கும். இங்கே பிரச்சனை குளிர் இல்லை. சூடு!

சித்திரை, வைகாசி மாதம் மதியம் குழாயைத் திறந்தால் மொட்டை மாடி டேங்க் தண்ணீர் எப்படிக் கொதிக்கிறது என்று நமக்கே தெரியும். அந்தத் தண்ணீரை அப்படியே ஆமைத் தொட்டியில் ஊற்றாதீர்கள். ஒரு வாளியில் பிடித்து நிழலில் வைத்து, ஆறிய பிறகு, அளந்து பார்த்து ஊற்றுங்கள்.

அதை விட ஆபத்தானது, சின்ன பிளாஸ்டிக் டப்பாவில் விரற்கடை அளவு தண்ணீர் ஊற்றி, "வெயில் காயட்டும்" என்று மொட்டை மாடியிலோ பால்கனியிலோ வைத்து விட்டு வேலைக்குப் போவது. நிழல் இல்லை. ஆழம் இல்லை. ஓடி ஒளிய இடம் இல்லை. ஆமையின் உடல் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. மே மாத வெயிலில் அதற்கு அதிக நேரம் ஆகாது. மனிதர்களுக்கு வெப்ப மயக்கம் வந்தால் பக்கத்தில் இருப்பவர் தூக்கிக் கொண்டு ஓடி வருவார். டப்பாவுக்குள் இருக்கும் ஆமையை யார் தூக்குவார்கள்?

தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டினால் தொட்டியை வீட்டின் குளிர்ந்த மூலைக்கு மாற்றுங்கள். தண்ணீரின் ஆழத்தைக் கூட்டுங்கள். மின்விசிறிக் காற்று தண்ணீர் மேல் படட்டும். பகுதி பகுதியாகத் தண்ணீர் மாற்றுங்கள். ஐஸ் கட்டியைக் கொட்டித் திடீரென்று குளிர்விக்க வேண்டாம்.

ஏசி அறையில் தொட்டி வைத்திருக்கிறீர்களா? அப்போது கதை தலைகீழ். இரவு முழுக்க 22, 23 டிகிரியில் ஏசி ஓடினால் தண்ணீரும் அதை நோக்கி இறங்கும். ஒன்று தொட்டியை வேறு அறைக்கு மாற்றுங்கள். இல்லை ஹீட்டர் போடுங்கள்.

ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு, வால்பாறை மக்களுக்கு ஹீட்டர் வேண்டும்தான். பெங்களூருவில் இருக்கும் நம் சொந்தங்களுக்கும் குளிர்காலத்தில் வேண்டியிருக்கும்.

ஹீட்டர், பல்பு போடுபவர்களுக்கு

ஹீட்டர் என்றால் தெர்மோஸ்டாட் உள்ள மீன் தொட்டி ஹீட்டர். வாளியில் போடும் வாட்டர் ஹீட்டர் ராடு கிடையவே கிடையாது. ஆமை மோதி உடைக்கும் என்பதால் கண்ணாடி ஹீட்டருக்கு மேல் பிளாஸ்டிக் உறை வேண்டும். கையைத் தண்ணீருக்குள் விடும் முன் பிளக்கைப் பிடுங்கி விடுங்கள். வீட்டில் எர்த் சரியாக இருக்க வேண்டும். மின்கசிவில் தானாக டிரிப் ஆகும் ஆர்சிசிபி இருக்க வேண்டும். மின்சாரம் தாக்கி வருபவர்களைப் பார்க்கும் மருத்துவனாகச் சொல்கிறேன், இதில் அலட்சியம் வேண்டாம்.

மேடைக்கு மேலே எல்இடி பல்பு போட்டால் வெளிச்சம் வரும், போதிய சூடு வராது. பழைய குண்டு பல்போ ஹாலஜனோ வேண்டும். 40 வாட், 60 வாட் என்று கடைக்காரர் சொல்வது இருக்கட்டும். பல்பை ஒரு அடி உயரத்தில் கட்டி, அரை மணி நேரம் கழித்து மேடையை அளங்கள். 35ஐத் தாண்டினால் பல்பை ஏற்றுங்கள். 32 வரவில்லை என்றால் கொஞ்சம் இறக்குங்கள். ஆமை எட்டித் தொடும் தூரத்துக்கு மட்டும் இறக்கக் கூடாது. தண்ணீர் தெறித்தால் பல்பு வெடிக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

சூடு வேறு, புற ஊதாக் கதிர் வேறு

நம் தோலில் வெயில் பட்டால் வைட்டமின் டி உருவாகிறது என்று தெரியும். வேலை செய்வது வெயிலில் உள்ள புற ஊதா பி கதிர். வைட்டமின் டி இல்லை என்றால் உணவில் உள்ள கால்சியம் குடலில் சரியாக உறிஞ்சப்படாது. குழந்தைகளுக்கு இதனால் வருவதுதான் ரிக்கெட்ஸ். கால் எலும்பு வளையும்.

ஆமைக்கும் அதே கதைதான். அதன் ஓடு என்பது தனியாக மாட்டிய சட்டை இல்லை. முதுகெலும்பும் விலா எலும்புகளும் சேர்ந்து உருவானது. கால்சியம் சேரவில்லை என்றால் ஓடு மெத்தென்று ஆகும். கோணும்.

குண்டு பல்பு சூடு தரும். புற ஊதா பி தராது. ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயில் சுடும். ஆனால் கண்ணாடி அந்தக் கதிரைத் தடுத்து விடும். அதனால் "ஜன்னல் ஓரமாத்தான் சார் வச்சிருக்கேன்" என்பது கணக்கில் சேராது.

ஊர்வனவற்றுக்கான யுவிபி விளக்கு போடலாம். வெளிச்சம் எரிந்து கொண்டே இருந்தாலும் கதிர் குறைந்து போகும் என்பதால், பாக்கெட்டில் போட்டிருக்கும் கெடுவின்படி மாற்ற வேண்டும். இல்லை என்றால் நம் ஊருக்கு ஆண்டவன் கொடுத்த வெயில் இருக்கவே இருக்கிறது. காலை ஒன்பது மணி வாக்கில் இருபது நிமிடம், பாதி வெயில் பாதி நிழலாக, நீங்கள் பக்கத்திலேயே அமர்ந்து கொண்டு. காகமும் பூனையும் இருக்கின்றன. கவனம்.

இப்போது வீட்டில் உள்ள மனிதர்களுக்கு

ஆமைக்கு இதமான தண்ணீர் கிருமிக்கும் இதம்தான். பார்க்க ஆரோக்கியமாக இருக்கும் ஆமையின் கழிவிலும் சால்மோனெல்லா இருக்கலாம். அது ஆமைக்கு ஒன்றும் செய்யாது. நமக்கு வயிற்றுப்போக்கு, காய்ச்சல் தரும். சின்னக் குழந்தைகளுக்கு ரத்தத்தில் கலந்து உயிருக்கே உலை வைக்கலாம்.

1975இல் அமெரிக்காவில் 4 அங்குலத்துக்குச் சிறிய ஓடு உள்ள ஆமைகளை வளர்ப்புப் பிராணியாக விற்கத் தடை போட்டார்கள். காரணம் என்ன தெரியுமா? குழந்தைகள் குட்டி ஆமையை எடுத்து வாயில் வைத்து விடுகிறார்கள்! நம் ஊர்க் கடைகளில் குட்டிகளைத்தான் ஆசை காட்டி விற்கிறார்கள்.

5 வயதுக்குக் குறைந்த குழந்தை, கர்ப்பிணி, முதியவர், கீமோதெரபி எடுப்பவர், டயாலிசிஸ் செய்பவர் இருக்கும் வீட்டில் ஆமை வேண்டாம் என்பது என் கருத்து. மற்ற வீடுகளில் தொட்ட பிறகு சோப்பு போட்டுக் கை கழுவுங்கள். தொட்டித் தண்ணீரைச் சமையலறை சிங்க்கில் கொட்டாதீர்கள். கிருமியைக் கொல்கிறேன் என்று தண்ணீரில் ஆன்டிபயாடிக் கலக்காதீர்கள். சால்மோனெல்லா அதனால் முழுதாகப் போகாது. மருந்துக்கு அடங்காத கிருமிதான் வளரும்.

எப்போது ஆமையை டாக்டரிடம் காட்ட வேண்டும்?

ஒரு பக்கமாகச் சாய்ந்து மிதப்பது, மூக்கில் குமிழி, வாயைத் திறந்து மூச்சு விடுவது, கண் வீங்கி மூடிக் கொள்வது, ஓடு மெத்தென்று ஆவது. இதில் எது இருந்தாலும் உடனே கால்நடை மருத்துவர். சாய்ந்து மிதப்பது நிமோனியாவாக இருக்கலாம். வீட்டில் இருக்கும் அமாக்ஸிசிலின் சிரப்பை ஊற்ற வேண்டாம். சென்னையில் இருப்பவர்களுக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மற்ற ஊர்களில் அரசு கால்நடை மருத்துவமனையில் விசாரியுங்கள்.

இரண்டு கேள்விகள் கட்டாயம் வரும்

"ஆத்துல இருக்குற ஆமைக்கு யார் சார் ஹீட்டர் வச்சாங்க?"

யாரும் வைக்கவில்லை. ஆற்றில் ஆழம் இருக்கிறது. மரக்கட்டை இருக்கிறது. சேறு இருக்கிறது. நிழல் இருக்கிறது. அங்கே நூறு வெப்பநிலைகள் இருக்கின்றன. அதை எடுத்து ஒரு டப்பாவில் போட்டது நாம். அப்போது இரண்டையாவது திருப்பித் தர வேண்டியதும் நாம்தான்.

"எங்க வீட்ல ஒரு வருஷமா இப்படித்தான் இருக்கு, நல்லாத்தானே இருக்கு?"

சர்க்கரை நோயாளிகளும் இதைத்தான் சொல்வார்கள். "எனக்கு ஒண்ணும் செய்யலையே சார்" என்று. ஆமையின் உடல் மெதுவாக ஓடும் எந்திரம். அது மெதுவாகத்தான் கெடும். வெளியே தெரியும்போது உள்ளே ரொம்பக் கெட்டிருக்கும். சரியாக வளர்த்தால் 20, 30 வருடம் வாழும் பிராணி இது. ஒரு வருடத்தை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது.

கடைசியாக என் வேண்டுகோள்

விற்கும் கடைக்காரர்களே, ஒரு பிளாஸ்டிக் டப்பா, நடுவில் ஒரு பிளாஸ்டிக் தென்னை மரம், ஒரு பாக்கெட் தீனி. இதைக் கொடுத்து "மெயின்டனென்ஸே இல்லைங்க" என்று சொல்லாதீர்கள். இந்த ஆமை இருபத்தைந்து சென்டிமீட்டர் வரை வளரும், பெரிய தொட்டியும் மேடையும் விளக்கும் ஃபில்டரும் வேண்டும் என்று சொல்லி விற்றுப் பாருங்கள். வாங்குபவர் எண்ணிக்கை குறையும். குறையட்டும்.

வாங்க நினைப்பவர்களே, இதற்கெல்லாம் இடமும் காசும் நேரமும் இல்லை என்றால் வாங்காதீர்கள். அதில் எந்தக் கௌரவக் குறைச்சலும் இல்லை.

ஏற்கனவே வாங்கி விட்டு முடியாமல் தவிப்பவர்களே, தயவுசெய்து ஏரியிலோ கோயில் குளத்திலோ விட்டு விடாதீர்கள். அது புண்ணியம் இல்லை. உலகின் மோசமான 100 அயல் ஊடுருவல் உயிரினங்கள் பட்டியலில் இருக்கும் ஆமை இது. வடகிழக்கிலும் கேரளாவிலும் நம் நீர்நிலைகளுக்குள் ஏற்கனவே வந்து விட்டது. நம் மண்ணின் ஆமைகளின் உணவையும் இடத்தையும் பிடுங்கிக் கொள்ளும். முறையாக வளர்க்கும் ஒருவரிடம் ஒப்படையுங்கள். அல்லது கால்நடை மருத்துவரிடமும் வனத்துறையிடமும் கேளுங்கள்.

நட்சத்திர ஆமையை "வீட்டுக்கு ராசி" என்று வாங்கி வைக்காதீர்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம்.

"ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது" என்று ஒரு பழமொழி சொல்வார்கள். அந்த மூட நம்பிக்கையை நான் ஏற்கவில்லை. ஆமையால் எந்த வீடும் கெட்டதில்லை. வீட்டுக்குள் புகுந்த ஆமைதான் கெட்டுப் போகிறது.

இன்று செய்ய வேண்டியது இவ்வளவுதான்.

ஒரு தெர்மாமீட்டர் வாங்குங்கள்.

தண்ணீரை அளங்கள். மேடையை அளங்கள். காலை, மதியம், இரவு என்று மூன்று நாள் எழுதி வையுங்கள்.

தண்ணீர் 24 முதல் 28க்குள், மேடை 32 முதல் 35க்குள் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லை என்றால் சரி செய்யுங்கள்.

ஆமை தானாக மேடையில் ஏறி, கால்களை நீட்டி, கண் மூடிப் படுத்தால் உங்கள் தொட்டி சரி என்று அதுவே சொல்லி விட்டது.

பயனுள்ளதாக இருந்தால் ஆமை வளர்க்கும் நண்பர்களுக்குப் பகிருங்கள்.